வெந்தய வாசமா, வியாதி வாசமா?

திருமங்கலத்து அப்பா:
மகன் பிறந்து ஆறாம் நாள், எடை பார்க்க மதுரைக்குக் கொண்டு போனோம். நனைந்த துணியை மாற்றிய நர்ஸ், "பாகு காய்ச்சுற வாசம் வருதே" என்று டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டரின் முதல் கேள்வி: "சொந்தத்துல கட்டினீங்களா?" ஆமாம், தாய்மாமன் மகள். அவர் முகம் மாறியது.

மேப்பிள் சிரப் (மேப்பிள் மரத்துப் பாகு) சிறுநீர் நோய் என்று ஒன்று உண்டாம்; சிறுநீரில் அந்தப் பாகு வாசம் வரும். புரதத்தில் இருக்கும் லூசின், ஐசோலூசின், வாலின் என்ற மூன்று அமினோ அமிலங்களை உடைக்கும் நொதி வேலை செய்யாது. அவை ரத்தத்தில் தேங்கி மூளையைக் கெடுக்கும். அப்பா ஒன்று, அம்மா ஒன்று என்று பழுதான மரபணு இரண்டு சேர்ந்தால்தான் வரும். அதற்குத்தான் அந்தக் கேள்வி. குதிகாலில் குத்தி, அட்டையில் ரத்தப் பொட்டு எடுத்து அனுப்பினார்கள். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற லேப் கருவி ரத்தத்தில் உள்ள ஒவ்வொரு பொருளையும் எடையை வைத்துப் பிரித்து அளக்கும். லூசினும் ஐசோலூசினும் ஒரே எடை என்பதால் ரிப்போர்ட்டில் சேர்ந்தே வருகின்றன.

பையன் என்னவோ நன்றாகத்தான் பால் குடித்தான். எங்களுக்குத்தான் சோறு இறங்கவில்லை. ரிப்போர்ட் நார்மல். அப்புறம்தான் டாக்டர், "அம்மாவுக்கு என்ன குடுக்குறீங்க?" என்றார். அத்தை தினமும் கருப்பட்டி போட்டுக் கிண்டிய வெந்தயக் களி! சோட்டோலோன் என்ற ஒரே பொருள்தான் வெந்தயத்திலும் அந்த நோயிலும் மணக்கிறது. தாய்ப்பால் வழியே பிள்ளைக்கும் போயிருக்கிறது. களியை நிறுத்தினோம், வாசம் போய்விட்டது. அத்தை மட்டும் இன்னும் அந்த நர்ஸை மன்னிக்கவில்லை.

உசிலம்பட்டி அம்மா:
அண்ணே, உங்களுக்கு வெந்தயம். எங்களுக்கு நிஜமாகவே அந்த நோய்.

முதல் பிள்ளை பதினோராம் நாள் போய்விட்டது. கிருமி என்றார்கள், தோஷம் என்றார்கள். துணியில் இனிப்பு வாசம் வருவதை அப்பத்தா சொன்னார், யாரும் காதில் வாங்கவில்லை. அடுத்தவள் பிறந்ததும் வேறு ஆஸ்பத்திரியில் முன்கதையைச் சொன்னோம். இரண்டாம் நாளே ரத்தம் எடுத்தார்கள். லூசின் ஏறியிருந்தது. இப்போது அவளுக்கு 4 வயது. அந்த மூன்று அமிலமும் இல்லாத பால் பவுடர்தான் முக்கிய உணவு, சோறு தராசில் நிறுத்துத்தான். பருப்பு, முட்டை, கறி கிடையாது. குலசாமி கோவில் கிடா வெட்டில் ஆளாளுக்கு, "ஒரு துண்டு என்ன பண்ணிரும்?" என்பார்கள். அவர்களோடு மல்லுக்கட்டுவதே பெரிய பாடு.

கறியைக்கூடத் தடுத்துவிடலாம். பயமெல்லாம் காய்ச்சலுக்குத்தான். சாப்பிடாமல் படுத்தால் உடம்பு தன் சதையையே கரைக்கும், லூசின் ஏறும். போன வருஷம் ஒரு ராத்திரி தள்ளாடி நடந்தாள். விடியும்வரை காத்திருக்காமல் வண்டி பிடித்தோம்.

லேப்காரர், மதுரை:
அந்த ரத்தப் பொட்டு அட்டை, ராபர்ட் கத்ரி என்ற அமெரிக்கர் 1960-களில் வேறொரு நோய்க்காகக் கொண்டு வந்தது. இன்று ஒரு பொட்டிலிருந்தே பல டஜன் நோய்களைப் பார்த்துவிடலாம். ஆனால் நாங்கள் தேடுவது பெயர் தெரிந்த பொருட்களை மட்டும். மெட்டபாலோமிக்ஸ் இதற்குப் பெரியண்ணன்: உடம்பு உண்டாக்குகிற நூற்றுக்கணக்கான சிறு மூலக்கூறுகளை ஒரே வீச்சில் அளந்து, எது கூடியது, எது குறைந்தது என்று பார்ப்பது. காரணம் பிடிபடாத குழந்தைகளுக்கு அதில்தான் சில நேரம் துப்பு கிடைக்கிறது.

அட்டையைக் கையில் கொடுத்து அனுப்பினால் தயவுசெய்து நிழலில் காயவிட்டுக் கொண்டு வாருங்கள். ஒரு அப்பா ஈர அட்டையை வண்டி டேங்க் கவரில் சொருகி, சித்திரை வெயிலில் மேலூரிலிருந்து வந்தார். பிள்ளையை இன்னொரு தடவை குத்த வேண்டியதாயிற்று.