டாரட்ல ஐந்துன்னா நாலு சூட்லயும் ஒரே அர்த்தமா? அந்தக் கதவைக் காட்டுங்க பார்ப்போம்

கூர்வாள்:
எண்வித்தகன் சார் போட்ட அட்டவணைக்கு எல்லாரும் “அருமை, சேமிச்சு வச்சுக்கிட்டேன்”னு வரிசையா கைதட்டியிருக்கீங்க. பார்க்காதவங்களுக்காக: குறி பார்க்கிற டாரட் சீட்டுல ஏஸ் முதல் பத்து வரைக்கும் எண்ணுக்கு ஒரு அர்த்தம், வாண்ட்ஸ் (கோல்), கப்ஸ் (கோப்பை), ஸ்வார்ட்ஸ் (வாள்), பென்டக்கிள்ஸ் (காசு)னு சூட்டுக்கு ஒரு அர்த்தம். ஆக 14 வரியை மனப்பாடம் பண்ணினா 40 கார்டும் கைக்குள்ள வந்துடுமாம். ஐந்துக்கு அவர் எழுதியிருக்கிறது: “நெருக்கடி. ஆனால் நான்கு ஐந்திலும் தப்பிக்கும் வழி படத்திலேயே இருக்கும். கப்ஸில் பாலம், பென்டக்கிள்ஸில் தேவாலயக் கதவு.”

கதவா? எந்தக் கதவு? வெய்ட் கொண்டு வந்த ரைடர்-வெய்ட் டெக்ல பென்டக்கிள்ஸ் ஐந்தை எடுத்துக் கண்ணு முன்னாடி வச்சுப் பாருங்க. பனி கொட்டுது. ஊன்றுகோலோட ஒருத்தன், கழுத்துல மணி. அவனுக்கு முன்னால வெறுங்காலோட ஒருத்தி, தலையோட சால்வையை இழுத்துப் போர்த்திக்கிட்டுப் போறா. மேல வெளிச்சமா ஒரு வண்ணக் கண்ணாடி ஜன்னல், அதுல அஞ்சு காசு. முடிஞ்சது. கதவு இல்ல. இல்லாத கதவை வச்சு எண்ணுக்கு அர்த்தம் எழுதி, அதை நூறு பேர் மனப்பாடம் பண்ணினா வயிறு எரியாதா?

எண்வித்தகன்:
வணக்கம். புதிதாகக் கற்பவர்களுக்காக எளிமையாக எழுதியது அது. ஜன்னல் இருந்தால் கட்டடம் இருக்கிறது, கட்டடம் இருந்தால் கதவு இருக்கும். இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை என்று நினைத்தேன். நாற்பது கார்டில் ஒரு கதவுதான் உங்கள் கண்ணில் பட்டது என்றால் மற்றதெல்லாம் சரி என்று எடுத்துக்கொள்கிறேன். நன்றி.

கூர்வாள்:
“கட்டடம் இருந்தால் கதவு இருக்கும்.” பிரமாதம். அந்தச் சுவருக்குப் பின்னால கல்யாணம்கூட நடந்துக்கிட்டு இருக்கலாம். அதையும் பலன்ல சேர்த்துடுவீங்களா? நீங்க எழுதினது “படத்திலேயே இருக்கும்”. எழுதினது நீங்க, நான் இல்ல. படத்துல எங்க இருக்கு?

நீலக்கோப்பை:
கூர்வாள் மேடம், கதவை விடுங்க. அடிப்படையே உங்களுக்குப் பிடிக்கலைன்னு நேரடியா சொல்லுங்க. ஐந்து எல்லா சூட்லயும் கஷ்டம்கிறது எண்வித்தகன் சார் கண்டுபிடிச்சது இல்ல. லண்டன்ல 1888ல கிளம்பின கோல்டன் டான்கிற மறைஞானச் சங்கம் வச்ச தலைப்பைப் பாருங்க. வாண்ட்ஸ் ஐந்து பூசல், கப்ஸ் ஐந்து இன்பத்தில் இழப்பு, ஸ்வார்ட்ஸ் ஐந்து தோல்வி, பென்டக்கிள்ஸ் ஐந்து பொருள் தொல்லை. கபாலாங்கிற யூத மறைஞான மரத்துல அஞ்சாவது இடம் கெபுரா, செவ்வாயோட கடுமை. நாலாவது இடமான கெசத், குருவோட கருணை. நாலுல உட்கார்ந்தவனை அஞ்சு உதைச்சு எழுப்புது. எவ்வளவு அழகான ஒழுங்கு! இதை வெய்டும் படிச்சார், படம் வரைஞ்ச பமேலா கோல்மன் ஸ்மித்தும் அதே சங்கத்துல இருந்தவங்க.

கூர்வாள்:
கோல்டன் டானைக் கூப்பிட்டா முழுசா கூப்பிடுங்க, பாதியோட நிறுத்தாதீங்க. அவங்க வெறும் எண்ணை வச்சுப் பலன் எழுதல. ஏஸை விட்டுட்டு ரெண்டுல இருந்து பத்து வரைக்கும் 36 கார்டு, ராசிச் சக்கரத்துல பத்துப் பத்து பாகையா 36 துண்டு, துண்டுக்கு ஒரு கிரகம். வாண்ட்ஸ் ஐந்து சிம்மத்துல சனி. கப்ஸ் ஐந்து விருச்சிகத்துல செவ்வாய். ஸ்வார்ட்ஸ் ஐந்து கும்பத்துல சுக்கிரன். பென்டக்கிள்ஸ் ஐந்து ரிஷபத்துல புதன். எண் ஒண்ணு, கிரகம் நாலு. எண்ணை மட்டும் பார்த்தாலே போதும்னா இவ்வளவு கணக்கு எதுக்கு? பொழுது போகாமலா போட்டாங்க?

அப்புறம், “கதவை விடுங்க”ன்னா என்ன அர்த்தம்? விடமாட்டேன். கதவு எங்க?

ஓரக்கண்:
கதவைக் கண்டுபிடிச்சதும் என்னை எழுப்புங்க. அதுவரைக்கும் நான் ஸ்வார்ட்ஸ் நாலு, கண்ணை மூடிப் படுத்திருக்கிறவன்.

மார்செய்பித்தன்:
1909 கடைசியில் லண்டனில் அச்சான ரைடர்-வெய்ட் படத்தை வைத்துக்கொண்டு இரண்டு தரப்பும் மல்லுக்கட்டுகிறீர்கள். பழைய பிரெஞ்சு மார்செய் சீட்டில் காசு ஐந்து என்றால் மூலைக்கு ஒன்றாக நான்கு வட்டம், நடுவில் ஒன்று, சுற்றிக் கொஞ்சம் இலை பூ. பிச்சைக்காரனும் இல்லை, பனியும் இல்லை. பதினைந்தாம் நூற்றாண்டில் வட இத்தாலியில் சீட்டு விளையாடியவர்கள் ஐந்தைப் பார்த்து அழவில்லை, ஆட்டத்துக்கு எண்ணிக்கொண்டார்கள்.

குறி சொல்வதே வேண்டும் என்றால் பிரெஞ்சுக் குறிகாரர் எட்டெய்லாவிடம் போங்கள். 1785லேயே டாரட்டுக்குப் புத்தகம் போட்டவர். அவருடைய பட்டியலில் கோல் ஐந்து தங்கம், காசு ஐந்து காதலன் அல்லது காதலி. எங்கே போயிற்று உங்கள் நெருக்கடி?

எண்வித்தகன்:
எட்டெய்லா தன் மனம்போன போக்கில் எழுதியவர். அவரிடம் எண் முறை எதுவும் கிடையாது. அவரை இங்கே இழுப்பது திசைதிருப்பல்.

கூர்வாள்:
உங்க அட்டவணைக்குள்ள அடங்காதவன் எல்லாம் மனம்போன போக்குல எழுதினவன்! நான் பிடிச்ச முயலுக்கு மூணே கால்!

வெய்டே இதுல மாட்டிக்கிட்டு முழிச்சிருக்கார் சார். பென்டக்கிள்ஸ் ஐந்துக்கு முதல்ல பொருள் தொல்லைன்னு எழுதிட்டு, சில குறிகாரர்கள் இதைக் காதலர்களோட கார்டா வச்சிருக்காங்கன்னும் சொல்லி, இந்த ரெண்டையும் ஒத்துப்போக வைக்க முடியாதுன்னு அவரே கையை விரிச்சுட்டார். வாண்ட்ஸ் ஐந்துக்கும் அதே கதை. பொய்ச் சண்டை, போட்டின்னு ஆரம்பிச்சு, அதனாலதான் சிலர் தங்கம், ஆதாயம்னு சொல்றாங்கன்னு ஒரு ஒட்டுப் போட்டார். கப்ஸ் ஐந்துல இழப்பு, கூடவே மூதாதையர் சொத்து. அந்த டெக்கையே கொண்டு வந்தவருக்கு வராத ஒழுங்கு உங்க 14 வரிக்கு வந்துடுச்சு.

நிற்க. நாலு ஐந்துலயும் வழி இருக்குன்னீங்களே, வாண்ட்ஸ்ல எது வழி? அஞ்சு பசங்க கோலைத் தூக்கிக்கிட்டு நிக்கிறானுங்க, பின்னால வானம், கீழ கட்டாந்தரை. பாலம் இல்ல, கதவு இல்ல, ஒரு சந்துகூட இல்ல.

நீலக்கோப்பை:
யாருக்கும் அடிபடலையே, அதுதான் வழி! அது விளையாட்டு. நீங்களே இப்போ பொய்ச் சண்டைன்னு சொன்னீங்க.

கூர்வாள்:
விளையாட்டுன்னா அப்புறம் நெருக்கடி எங்க வந்தது? மூச்சுக்கு மூச்சு பேச்சை மாத்தாதீங்க.

புதுச்சீட்டு:
மன்னிக்கணும், நான் புதுசு. அட்டவணையில ஒன்பதுக்கு ‘நிறைவை நெருங்குதல்’னு இருக்கு. கப்ஸ் ஒன்பதுல ஒருத்தர் கையைக் கட்டிக்கிட்டு திருப்தியா உட்கார்ந்திருக்கார். ஸ்வார்ட்ஸ் ஒன்பதுல ஒருத்தங்க ராத்திரி படுக்கையில எழுந்து உட்கார்ந்து முகத்தைப் பொத்தி அழறாங்க. ரெண்டும் எப்படி நிறைவு? அப்புறம், எண்ணோட அர்த்தம்னு நீங்க எல்லாம் எதைச் சொல்றீங்க? கபாலாவா, பித்தகோரஸா, இல்ல படத்துல இருக்கிறதையா? அதை மட்டும் யாராவது முதல்ல சொன்னா நல்லா இருக்கும்.

எண்வித்தகன்:
கவலை நிறைவடைகிறது, தோழரே. துயரத்தின் உச்சமும் ஓர் உச்சமே. இரண்டாம் பாகத்தில் விளக்கியிருக்கிறேன்.

கூர்வாள்:
ஆசை நிறைவேறினாலும் நிறைவு, தூக்கம் போனாலும் நிறைவு. இப்படி ஒரு வார்த்தை கையில இருந்தா எனக்கு 14 வரிகூட வேண்டாம், ஒரே வரி போதும்: “ஏதோ நடக்கும்.” எல்லா ரீடிங்கும் பலிச்சிடும்.

நீலக்கோப்பை:
மேடத்துக்கு ஏன் இவ்வளவு கோபம்னு பழைய ஆட்களுக்குத் தெரியும். ஸ்வார்ட்ஸ் ஆறு விவாதத்துல எண்வித்தகன் சார் சொன்ன பலன் நடந்துச்சு, இவங்க சொன்னது நடக்கல. அன்னிக்குப் பிடிச்ச கடுப்பு.

கூர்வாள்:
இழுத்துட்டீங்களா? சரி, பேசுவோம். அன்னிக்குக் கேள்வி வேலை மாறலாமாங்கிறது. நீங்க ரெண்டு பேரும் “ஆறுன்னா சமநிலை, நல்லபடியா போயிடும்”னு ஒரே வரியில முடிச்சீங்க. நான் படத்தைப் பார்த்துச் சொன்னேன்: படகுல பொண்ணும் குழந்தையும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்காங்க, ஆறு வாளும் படகுலயே குத்தி நிக்குது, படகுக்கு ஒரு பக்கம் தண்ணி கலங்கியிருக்கு, மறுபக்கம் அமைதியா இருக்கு. போகலாம், ஆனா பிரச்சினையும் கூடவே படகேறும்னேன். கேள்வி கேட்டவர் வேலை மாறினார், அதே தலைவலியோட. அது எனக்குத் தப்பு, உங்களுக்குப் பலிதம். நல்ல கணக்கு.

நீலக்கோப்பை:
சம்பளம் கூடினதை மட்டும் சௌகரியமா விட்டுட்டீங்க.

கூர்வாள்:
சம்பளம் பென்டக்கிள்ஸ் சமாச்சாரம், அன்னிக்கு ஒரு பென்டக்கிள்ஸ்கூட விழல. சீட்டைப் பரப்பி ஸ்ப்ரெட் போட்டது நான். எனக்குத் தெரியாதா?

மார்செய்பித்தன்:
ஒரு தகவல். நீங்கள் இருவரும் கும்பிடும் அந்தப் படங்களில் சில சோலா புஸ்கா என்ற பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியச் சீட்டிலிருந்து வந்தவை. அதன் புகைப்படங்கள் 1907ல் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்தன. வாள் மூன்றில் இதயத்தைக் குத்தும் படம் அங்கிருந்து அப்படியே வந்தது. கோல் பத்தில் சுமையைக் கட்டிப் பிடித்துக் குனிந்து போகிறானே, அவன் சோலா புஸ்காவில் வாள் பத்து.

எண்வித்தகன்:
மிக்க நன்றி! என் வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். சூட் மாறியது, எண் மாறவில்லை. பத்து என்றால் பாரம் என்பதால்தானே வாள் பத்தில் இருந்தவனைப் பமேலா கோல் பத்துக்குக் கொண்டுபோனார்? இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

மார்செய்பித்தன்:
நான் உங்களுக்குச் சான்று கொடுக்கவில்லை. இரவல் வாங்கிய படத்தில் எண் தத்துவம் தேடாதீர்கள் என்றேன்.

கூர்வாள்:
பத்துன்னா பாரமா? அப்போ கப்ஸ் பத்துல வானவில்லைத் தூக்கிக்கிட்டா நிக்கிறாங்க? புருஷனும் பொண்டாட்டியும் கையை விரிச்சு அண்ணாந்து பார்க்கிறாங்க, பிள்ளைங்க ரெண்டும் ஆடுது. பென்டக்கிள்ஸ் பத்துல கிழவர் வசதியா உட்கார்ந்து நாய்க்குட்டிங்களைக் கொஞ்சறார். பாரம் எங்க இருக்கு? போன வாரம் உங்க அட்டவணையில பத்துக்கு ‘முடிவும் முழுமையும்’னு இருந்தது. பாரம் இன்னிக்குத்தான் முளைச்சது. ஆளுக்குத் தகுந்த மாதிரி அர்த்தம் மாறுதே, இதுக்கா சார் மனப்பாடம்?

பமேலாவைப் பத்தியும் ஒண்ணு. 1909 நவம்பர்ல அந்தம்மா ஒரு கடிதத்துல, கொஞ்சக் காசுக்குப் பெரிய வேலை ஒண்ணை முடிச்சேன்னு எழுதியிருக்காங்க. அப்படி உழைச்சு ஜன்னலோட ஈயக் கம்பியைக்கூட விடாம வரைஞ்சவங்க, கதவு வேணும்னா வரைஞ்சிருக்க மாட்டாங்களா? வரையல. அவங்களுக்குக் கதவு வேண்டாம். வெளிச்சம் இருக்கு, உள்ள போக முடியல. அந்தக் கார்டோட வலியே அதுதான். உங்க கதவு அந்த வலியைக் கெடுத்துடுது.

எண்வித்தகன்:
கதவு ஒரு குறியீடு.

கூர்வாள்:
இருந்தாதானே குறியீடு!

ஓரக்கண்:
இன்னும் கதவுலதான் இருக்கீங்களா. ஜன்னலையாவது திறந்து விடுங்க, புழுக்கமா இருக்கு.

நீலக்கோப்பை:
குறை சொல்றது சுலபம். எண்வித்தகன் சார் காசு வாங்காம உட்கார்ந்து 40 கார்டுக்கும் எழுதினார். மேடம் இதுவரைக்கும் ஒரு பாடமாவது போட்டிருக்காங்களா? வகுப்புக்கு வந்தாதான் சொல்வாங்க, அதுவும் கட்டணம் கட்டினா.

கூர்வாள்:
கட்டணம் வாங்கறேன், இல்லைங்கல. பதிலுக்கு நாலு ஐந்தையும் வரிசையா பரப்பி வச்சு, கார்டுக்கு ஒரு மணி நேரம் பார்க்க வைக்கிறேன். ஸ்வார்ட்ஸ் ஐந்துல வாளைப் பொறுக்கிக்கிட்டுச் சிரிக்கிறவனுக்கும், கப்ஸ் ஐந்துல கறுப்பு அங்கியோட கொட்டிப் போன மூணையே பார்த்துக்கிட்டு நிக்கிறவனுக்கும் ஒரே சொல்லை ஒட்ட முடியுமான்னு அவங்களையே கேட்கிறேன். ஜெயிச்சவனும் அங்க இருக்கான், தோத்தவனும் இருக்கான். கேட்கிறவர் ரெண்டுல யாருன்னு எண் சொல்லாது. இலவசமாக் கிடைச்சாலும் இல்லாத கதவு இல்லாத கதவுதான்.

புதுச்சீட்டு:
என் கேள்விக்கு இன்னும் யாரும்…

எண்வித்தகன்:
இந்த இழையில் இனி பதில் எழுதப் போவதில்லை. காய்த்த மரம்தான் கல்லடி படும். நாளை ஏழு பற்றிய பாகம் வருகிறது: ‘சோதனையும் தன்னாய்வும்’. விருப்பமுள்ளவர்கள் படிக்கலாம்.

கூர்வாள்:
ஏழா? தாராளமா போடுங்க. ஸ்வார்ட்ஸ் ஏழுல கூடாரத்துல இருந்து திருடிக்கிட்டு ஓடறவன் அஞ்சு வாளைத்தான் அள்ளிக்கிட்டுப் போறான், ரெண்டைத் தரையில நட்டபடியே விட்டுட்டுப் போறான். அதுல தன்னாய்வு எங்க இருக்குன்னு காத்துக்கிட்டு இருக்கேன்.

நீலக்கோப்பை:
அவன் திருடன்னு யார் சொன்னது? தன்னோட வாளை மீட்டுக்கிட்டுப் போறவனா ஏன் இருக்கக் கூடாது?

கூர்வாள்:
சொந்த வாளை எடுக்கிறவன் எதுக்குங்க நுனிக்கால்ல நடக்கணும்?

எண்வித்தகன்:
எச்சரிக்கையாக நடக்கிறான். அதுதான் தன்னாய்வு.

ஓரக்கண்:
பதில் எழுதப் போவதில்லைன்னாரே?