ஆடும் அலுமாரியும் ‘திருப்பி எடுக்கப்படமாட்டாது’ முத்திரையும்

மகளின் உடுப்புகளுக்கென்று யாழ்ப்பாணத்துத் தளபாடக் கடை ஒன்றில் ஐந்து லாச்சி அலுமாரி வாங்கினோம். மரத்தூள் பலகை. உயரம் என் தோளளவு, ஆழம் ஒரு முழம்கூட இல்லை. மேல் லாச்சிகள் இரண்டையும் சேர்த்து இழுத்தால் அலுமாரியே முன்னுக்குச் சரிந்தது. மட்டம் வைத்துப் பார்த்தோம், தரையில் குறை இல்லை.

“ஒவ்வொரு லாச்சியாகத் திறவுங்கள், அக்கா” என்றார் முதலாளி. நான்கு வயதுப் பிள்ளைக்கு இதை அவரே வந்து சொல்லிக் கொடுப்பாரா? லாச்சிகளைப் படியாக்கி ஏறும் வயது அது. பிறகு பற்றுச்சீட்டில் இருந்த முத்திரையைக் காட்டினார்: விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது.

வெறும் லாச்சிகளோடு அது சரிவதைக் கைபேசியில் படம் பிடித்தேன். குறையைக் கடிதமாக எழுதிக் கடையில் கொடுத்து, பிரதியில் கையொப்பம் வாங்கினேன். முதலாளியின் குரல் தணிந்தது அந்தக் கையொப்பத்துக்குப் பிறகுதான். அடுத்து பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போனேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். உத்தரவாத அட்டை இல்லையே என்று தயங்க வேண்டியதில்லை. வாயால் சொல்லாவிட்டாலும் பொருளோடு சேர்ந்தே வரும் உத்தரவாதத்தையும் அந்தச் சட்டம் கணக்கில் எடுக்கிறது. சபை விசாரித்து, பணத்தைத் திருப்பித் தரவோ பொருளை மாற்றித் தரவோ நட்டஈடு கொடுக்கவோ கட்டளையிடலாம். எங்கள் விடயம் அவ்வளவு தூரம் போகவில்லை. முறைப்பாடு போனதை அறிந்ததும் முதலாளி பணத்தைத் தந்துவிட்டார், ஏற்றுக்கூலியைக் கழித்துக்கொண்டு. அந்தக் கூலி இன்னும் எனக்கு உறுத்துகிறது.

— சுன்னாகத்திலிருந்து ஒரு வாசகர்: நான் கட்டில் வாங்கியபோது துண்டுக் கடதாசியில் தொகையை மட்டும் எழுதித் தந்தார்கள். கடையின் பெயர்கூட இல்லை. கேட்டால் பற்றுச்சீட்டு தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. கட்டில் கால் முறிந்த பிறகு கேட்டேன், “எங்கள் கடைச் சாமான் இல்லை” என்றுவிட்டார்கள்.

— மானிப்பாயிலிருந்து இன்னொரு வாசகர்: அமெரிக்காவில் அலுமாரி சரிவதைத் தடுப்பதற்கென்றே 2022இல் தனிச் சட்டம் வந்தது. 27 கிலோ வரை நிறையுள்ள பிள்ளைகளை மனதில் வைத்து லாச்சி அலுமாரிகளைச் சோதிக்கிறார்கள். இங்கே நாமே கடையில் லாச்சிகளை இழுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. தாத்தா காலத்து முதிரை மர அலுமாரி அசையாது, அதைத் தூக்க நான்கு பேர் வேண்டும். புதியவற்றைச் சுவரோடு இரும்புத் தகட்டால் பிணையுங்கள். ஆணி சாந்தைத் தாண்டிக் கல்லில் இறங்க வேண்டும். வாடகை வீடென்றால் முதலில் வீட்டுக்காரரைக் கேளுங்கள், என் வீட்டுக்காரர் ஒரு துளைக்கே முகம் சுளித்தார்.