தட்டானின் இறக்கை வெயிலில் தொங்குகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். பினாங்கு, புக்கிட் மெர்தாஜாமில் என் பட்டறையில் ஒரு பெரிய தட்டான் சிலை செய்துகொண்டிருக்கிறேன். உடம்பு வெல்டிங் எல்லாம் முடிந்தது, இறக்கையில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். மதிய வெயில் பட்டதும் முன்னிறக்கையின் நுனி மெல்லத் தொங்குகிறது, மாலையில் சூடு தணிந்தாலும் நிமிர்வதில்லை, அந்த வளைவோடேயே இறுகிவிடுகிறது.

இறக்கை ஒவ்வொன்றும் 1.5 மீட்டர். நரம்புக்கு 2 மி.மீ. எவர்சில்வர் கம்பி, இடையில் தெளிவான எப்பாக்சி ரெசின் (இறுக்கி கலந்ததும் கெட்டியாகும் பிசின்), ரெசினும் இறுக்கியும் 2:1 கலவை, அறை வெப்பத்தில் இறுகும் ரகம். வெளியே வைத்த முதல் வாரத்திலேயே தொங்க ஆரம்பித்தது, இப்போது லேசாக மஞ்சளும் பூக்கிறது.

அடிப்பகுதிக் கம்பியைத் தடிமனாக்கினேன். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் லாக்கர் அடித்தேன், மஞ்சள் மட்டுப்பட்டது, தொங்கல் அப்படியேதான். அப்புறம் மேக்ரோ லென்ஸில் நிஜ இறக்கையைப் பார்த்தேன்: அது தட்டையே இல்லை, விசிறி மடிப்பு போல மேடும் பள்ளமும், அந்த மடிப்புதான் அவ்வளவு மெல்லிய சவ்வுக்கு விறைப்பு தருகிறது, பார்க்கப் பார்க்க அலுக்காது. அதேபோல் நரம்புகளை மடித்ததில் விறைப்பு நன்றாகவே கூடியது, ஆனால் இந்த வகை ரெசின் 50, 60 டிகிரியிலேயே இளகுவதால் வெயிலில் மடிப்பே தட்டையாகிறது. கண்ணாடி இழைப் பாய் சேர்த்தால் ஒளி ஊடுருவும் அழகு போய்விடும், அதை விட்டுக்கொடுக்க மனமில்லை.

சிலை நிற்கப்போவது நிழலே இல்லாத திறந்தவெளியில். நம் ஊர் வெயிலில் இளகாமல், மடிப்புக்கு வளைந்து, தெளிவாகவும் இருக்க நரம்புகளுக்கு இடையே எந்தப் பொருளைப் போடலாம்?