9 பேர் இருக்கிற நிறுவனம்: கோவொர்க்கிங்கில் கேபின் எடுப்பதா, தனியாக லீஸ் போடுவதா?

பேரேடு:

வணக்கம். நாங்கள் 9 பேர், சிறு நிறுவனங்களுக்குச் சம்பளப் பட்டியல் போட்டுக் கொடுக்கிறோம். இதுவரை எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்த்தோம், இனிமேல் அது சரிப்பட்டு வராது. புதிதாகச் சேர்ந்த இரண்டு பேருக்குத் திரை வழியாகவே எல்லாம் சொல்லிக் கொடுத்து மூன்று மாதமாகிறது, இன்னும் தனியாக ஒரு பட்டியலை முடிக்கத் தயங்குகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து காட்டினால் பத்து நிமிடத்தில் புரிகிற விஷயம்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பல நிறுவனங்கள் ஒரே தளத்தைப் பகிர்ந்துகொள்ளும் கோவொர்க்கிங் இடத்தில் 10 இருக்கை உள்ள கண்ணாடிக் கேபின், 6 மாத ஒப்பந்தம், ஒரு மாத டெபாசிட், நாளைக்கே போய் உட்காரலாம். இன்னொன்று, வெறும் கூடமாகக் கிடக்கும் ஒரு தளம், 16 பேர் வரை உட்காரலாம், 3 வருட லீஸ், அதில் 2 வருடம் லாக்-இன் (அதற்கு முன் காலி செய்தாலும் வாடகை கட்ட வேண்டும்), 6 மாத டெபாசிட், வயரிங்கிலிருந்து நாற்காலி வரை எல்லாம் நம் செலவு. மாத வாடகையை மட்டும் பார்த்தால் கோவொர்க்கிங் ஒன்றரை மடங்கு. "மாதாமாதம் அவ்வளவு பணத்தை விடுவதா" என்கிறார் பார்ட்னர். எனக்கு லாக்-இன் பயம். அடுத்த வருடம் 14 பேராக இருப்போமா 7 பேராக இருப்போமா என்று உண்மையிலேயே தெரியவில்லை. இரண்டிலும் இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மாடிப்படி:

நாங்கள் 11 பேர், இரண்டு வருடம் கோவொர்க்கிங்கில் இருந்துவிட்டு வெளியே வந்தோம். உங்கள் வேலை சம்பளப் பட்டியல் என்பதால்தான் எழுதுகிறேன், டிசைன் மாதிரி வேலை என்றால் யோசிக்காமல் போங்கள் என்றிருப்பேன்.

எங்கள் தளத்தில் சுமார் 80 பேருக்கு போன் பூத், அதாவது தனியாகப் போன் பேசும் சின்ன அறை, இரண்டே இரண்டு. மாதக் கடைசியில் காலையிலேயே இரண்டும் நிரம்பிவிடும். கேபினுக்குள் பேசலாம்தான், ஆனால் ஒருவர் பேசினால் மற்ற பத்துப் பேருக்கு வேலை ஓடாது, அதோடு கேபின்களுக்கு நடுவில் இருந்தது வெறும் கண்ணாடித் தடுப்பு, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே எல்லாம் ஒரே வெளி, பக்கத்துக் கேபின்காரர் போனில் பேரம் பேசுவது வார்த்தை வார்த்தையாகக் கேட்கும். அப்படியென்றால் நாங்கள் பேசியதும் அவர்களுக்குக் கேட்டிருக்கும்.

ஒருநாள் எங்கள் ஊழியர் ஒருவர் அவசரவழிப் படிக்கட்டில் நின்றபடி, இடது கையில் லேப்டாப்பை ஏந்திக்கொண்டு, ஒரு வாடிக்கையாளரின் ஆட்களுடைய சம்பளத் தொகைகளைத் தாழ்ந்த குரலில் வாசித்துக்கொண்டிருந்தார். கீழிருந்து யாரோ ஏறி வந்தார்கள். வாசிப்பதை நிறுத்தி, அந்த ஆள் கடந்து போகும் வரை காத்திருந்து, மறுபடி ஆரம்பித்தார். அதைப் பார்த்த அன்றைக்கே இடம் மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

மற்றபடி இடத்தைக் குறை சொல்ல மாட்டேன். அந்த இரண்டு வருடத்தில் நான் ஒரு எலக்ட்ரீஷியனைக்கூடக் கூப்பிட்டதில்லை.

காலிநாற்காலி:

நான் லீஸ் பக்கத்திலிருந்து பேசுகிறேன். 22 இருக்கை போட்டு ஆசையாகக் கட்டினோம். ஒரு வருடத்தில் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் போய்விட்டார், கடைசியில் 9 பேர்தான் மிச்சம். லாக்-இன் முடிய இன்னும் 14 மாதம் இருந்தது. உள்வாடகைக்கு விடலாம் என்று பார்த்தால் உரிமையாளர் சம்மதம் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது, அவர் சம்மதிக்கவில்லை. பாதி விளக்கை அணைத்துவிட்டு ஒரு மூலையில் வேலை பார்த்தோம், வருகிற வாடிக்கையாளர்கள் அந்த இருட்டுப் பக்கத்தைப் பார்க்காமல் இருக்க வேண்டுமே என்பதுதான் தினமும் என் கவலை.

காலி செய்யும்போது இன்னொரு அடி. "இடத்தைப் பழைய நிலையில் ஒப்படைக்க வேண்டும்" என்று ஒரு வரி, கையெழுத்துப் போடும்போது அதைப் பெரிதாக நினைக்கவில்லை. தடுப்புச் சுவர் கட்டவும் பணம் கொடுத்தோம், அதை இடிக்கவும் பணம் கொடுத்தோம். நீங்கள் லீஸ் போடுவதாக இருந்தால் உள்வாடகை உரிமை, லாக்-இன் நடுவில் ஒருமுறை வெளியேற வழி, உள்வேலை நடக்கும் மாதங்களுக்கு வாடகை விலக்கு, ஒப்படைக்கும் நிலை இந்த நான்கையும் கையெழுத்துக்கு முன்னால் பேசிவிடுங்கள். அதற்கு அப்புறம் யாரும் காது கொடுத்துக் கேட்க மாட்டார்கள்.

ஐந்தொகை:

கணக்காகப் பார்ப்போம். தளத்தின் வாடகை மாதம் 100 என்று வையுங்கள், நீங்கள் சொன்னபடி கோவொர்க்கிங் 150. லீஸில் பராமரிப்பு, மின்சாரம், இணையம், துப்புரவு எல்லாம் சேர்ந்து ஒரு 35 வரும் என்று பிடிப்போம். உள்வேலைக்கு 10 மாத வாடகை, அதாவது 1000. நீங்கள் 3 வருடம் இருந்தால் அது மாதத்துக்கு 28, ஆக லீஸின் உண்மையான மாதச் செலவு 163. இரண்டே வருடத்தில் கிளம்பினால் 177. ஐந்து வருடம் இருந்தால்தான் 152க்கு இறங்கி கோவொர்க்கிங்கை எட்டிப் பிடிக்கும். பார்ட்னரிடம் இதைக் காட்டுங்கள். 100, 150 என்று ஒப்பிட்டால் தப்பான விடைதான் வரும். டெபாசிட்டில் முடங்குகிற பணத்தை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

ஆனால் ஆள் கூடினால் கதை மாறுகிறது. 10 இருக்கைக்கு 150 என்றால் இருக்கைக்கு 15, 14 பேரானால் கோவொர்க்கிங் 210, லீஸ் அதே 163. 7 பேரானால் கோவொர்க்கிங் 105, லீஸ் அப்போதும் 163தான். ஆகவே நீங்கள் போகிறபோக்கில் சொன்ன அந்த "14ஆ 7ஆ தெரியவில்லை" என்பதுதான் இதில் முக்கியமான வரி. வளர்வோம் என்று கையில் ஒப்பந்தங்களை வைத்துக்கொண்டு சொல்ல முடிந்தால் லீஸ், இல்லையென்றால் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை இன்ஷூரன்ஸ் பிரீமியமாக நினைத்துக் கொடுங்கள். ஒரு எச்சரிக்கை, இருக்கை குறைத்தால் கட்டணம் குறையும் என்பது கோவொர்க்கிங்கில் தானாக நடக்காது, ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். மீட்டிங் ரூம் மணிக்கணக்கு, இரவு ஏசி, புதுப்பிக்கும்போது ஏற்றும் விலை இவற்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் இன்னொன்று. சர்வதேசக் கணக்கியல் தரநிலை ஐஎஃப்ஆர்எஸ் 16 நடைமுறைக்கு வந்த 2019லிருந்து, அதன்படி கணக்கு எழுதும் நிறுவனங்கள் 12 மாதத்துக்கு மேற்பட்ட லீஸைப் பொதுவாகக் கடன் மாதிரி ஒரு பொறுப்பாக ஐந்தொகையில் (பேலன்ஸ் ஷீட்டில்) காட்ட வேண்டும். நீங்கள் எந்தத் தரநிலையில் எழுதுகிறீர்கள் என்று உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

புதுவரவு:

எல்லோரும் செலவையே பேசுகிறீர்கள். எங்களுக்குக் கோவொர்க்கிங்கில் பக்கத்து மேசையிலிருந்தே இரண்டு வாடிக்கையாளர்கள் கிடைத்தார்கள், மூன்றே பேராக இருந்தபோது அது பெரிய பலம். தனி அலுவலகத்தில் யார் கதவைத் தட்டுவார்கள்?

மாடிப்படி:

மூன்று பேர் என்பதால்தான் நடந்தது என்று நினைக்கிறேன். 2005இல் சான் பிரான்சிஸ்கோவில் பிராட் நியூபெர்க் முதன்முதலில் கோவொர்க்கிங் என்ற பெயரில் இடம் திறந்ததே, தனியாக வேலை பார்ப்பவரின் சுதந்திரமும் வேண்டும், கூட இருக்க ஆட்களும் வேண்டும் என்பதற்காகத்தான். 9 பேர் ஒரு கேபினுக்குள் போனால் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்வார்கள், நாங்கள் இரண்டு வருடத்தில் பக்கத்துக் கேபின்காரர் பெயரைக்கூடச் சரியாகத் தெரிந்துகொள்ளவில்லை. திறந்த இடம் என்றால் பேச்சு பெருகும் என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். ஈதன் பெர்ன்ஸ்டீன், ஸ்டீபன் டர்பன் இருவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு நிறுவனங்கள் திறந்த அலுவலகத்துக்கு மாறியபோது நேருக்கு நேர் பேசுவது சுமார் 70 சதவீதம் குறைந்தது. அது கோவொர்க்கிங் இல்லை, அந்தந்த நிறுவனத்தின் சொந்த அலுவலகம்தான், இருந்தாலும் யோசிக்க வேண்டிய விஷயம்.

கம்பிவலை:

நெட்வொர்க் பற்றி யாரும் சொல்லவில்லை. சம்பளத் தரவு கையில் இருக்கும்போது 80 பேர் ஒரே பாஸ்வேர்டில் உட்காரும் வைஃபையில் வேலை பார்க்காதீர்கள். உங்கள் கேபினுக்குத் தனி விலான் (மற்றவர்களிடமிருந்து பிரித்த நெட்வொர்க்), முடிந்தால் நிலையான, அதாவது மாறாத ஐபி முகவரி கேளுங்கள், குறிப்பிட்ட ஐபியிலிருந்து மட்டும் உள்ளே விடும் வாடிக்கையாளர்கள் இருந்தால் இரண்டாவது இல்லாமல் முடியாது. தருகிறோம் என்று விற்பனை ஆள் சொன்னால் போதாது, அதைச் செய்யப்போகும் டெக்னீஷியனிடம் பேசுங்கள். பிரின்டரும் பொதுவா என்று பாருங்கள்.

இன்னொரு விஷயம், இடத்தை நடத்துபவரின் நிலைமை. இந்தத் தொழிலில் பலர் கட்டடத்தை வருடக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, நமக்கு மாதக்கணக்கில் விற்கிறார்கள். ஆட்கள் குறைந்தால் நாம் போய்விடுவோம், அவர்களுடைய வாடகை போகாது. வீவொர்க் 2019 ஜனவரியில் 47 பில்லியன் டாலர் மதிப்பு சொல்லப்பட்ட கோவொர்க்கிங் நிறுவனம், அதே வருடம் பங்கு வெளியீட்டைக் கைவிட்டது, 2023 நவம்பரில் திவால் பாதுகாப்பு கேட்டது, 2024 ஜூனில் வெளியே வருவதற்குள் பல கட்டடங்களின் லீஸை விட்டுவிட்டது. அங்கே மேசை போட்டிருந்தவர்கள் வேறு இடம் தேட வேண்டியதுதான். பொதுவாக நம் கையில் இருப்பது உறுப்பினர் ஒப்பந்தம், வாடகைதாரருக்கான உரிமை கிடையாது. நடத்துபவருக்குக் கட்டட லீஸ் இன்னும் எத்தனை வருடம் இருக்கிறது என்று நேராகவே கேட்கலாம், தப்பில்லை.

பேரேடு:

எல்லோருக்கும் நன்றி, ஒவ்வொரு பதிலையும் பார்ட்னரோடு உட்கார்ந்து படித்தேன். ஐந்தொகை சொன்ன கணக்கை எங்கள் உண்மையான எண்களில் போட்டோம், எங்களுக்கு நான்கு வருடம் தாண்டினால்தான் லீஸ் லாபம் என்று வந்தது. அவர் அதற்கப்புறம் வாடகையைப் பற்றிப் பேசவில்லை.

மாதத்தின் கடைசி வேலைநாளில் அந்தக் கோவொர்க்கிங்கில் ஒருநாள் பாஸ் வாங்கி இருவரும் காலையிலிருந்து மாலை வரை உட்கார்ந்தோம். மாடிப்படி சொன்னது அப்படியே நடந்தது, போன் பூத்துக்காக மூன்று பேர் காத்திருந்தார்கள். அந்தக் கண்ணாடிக் கேபின் வேண்டாம் என்று அங்கேயே முடிவானது. கிளம்பும்போது அதே தளத்தின் பின்பக்கம் ஒரு மூலை அறை காலியாக இருப்பதைக் காட்டினார்கள், 12 இருக்கை, மூன்று பக்கம் செங்கல் சுவர், வெளியே பார்க்கும் ஜன்னல் ஒன்று, கனமான மரக்கதவு. பார்ட்னரை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, வழக்கமான குரலில் எண்களை வாசிக்கச் சொன்னேன், நான் வெளியே கதவை ஒட்டி நின்றேன். குரல் வருவது தெரிகிறது, எண் ஒன்றுகூடப் பிடிபடவில்லை.

கண்ணாடிக் கேபினைவிட இருக்கைக்குக் கொஞ்சம் கூடுதல்தான். 12 மாத ஒப்பந்தம் கேட்கிறார்கள், 6 மாதத்துக்கு அப்புறம் 7 இருக்கை வரை குறைக்கலாம் என்ற வரியையும் தனி விலானையும் எழுதித் தருகிறார்கள். நாங்கள் 14 பேரானால் அப்போது லீஸைப் பார்த்துக்கொள்கிறோம்.

காலிநாற்காலி:

நல்ல ஏற்பாடு. வேறு அறைக்கு உங்களை மாற்றும் உரிமை அவர்களுக்கு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், இருந்தால் அந்தச் செங்கல் சுவர் உங்களுடையது இல்லை.

பேரேடு:

இருக்கிறது, 14ஆவது பிரிவு. இப்போதுதான் பார்த்தேன். நாளைக் காலை முதல் வேலையாக அதை எடுக்கச் சொல்கிறேன், எடுக்கும் வரை அட்வான்ஸ் கொடுப்பதாக இல்லை.