மார்பகப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பிறகு ஒயின் அருந்தலாமா?

கேள்வி: பொருநைக்கரை

வணக்கம். எனக்கு 47 வயதாகிறது. திருநெல்வேலியில் பிறந்த நான் 19 ஆண்டுகளாக இங்கிலாந்தில் வசித்து வருகிறேன். சென்ற ஆண்டின் இறுதியில் இடது மார்பில் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான கட்டி ஒன்று கண்டறியப்பட்டது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள வகை, அதாவது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைக் கொண்டு வளரும் வகை. அக்குளில் உள்ள நெறிக்கட்டிகளுக்குப் பரவவில்லை. கட்டியை மட்டும் அகற்றும் அறுவை சிகிச்சையும் ஐந்து நாள் கதிர்வீச்சும் முடிந்து, மூன்று மாதங்களாக, அந்த ஹார்மோனைத் தடுக்கும் தமொக்சிஃபென் மாத்திரை உட்கொள்கிறேன். கீமோ தேவைப்படவில்லை.

நான் கேட்க வந்தது மதுவைப் பற்றி. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக, வாரத்தில் மூன்று நாள் இரவு உணவோடு ஒரு கோப்பை ஒயின் அருந்தும் பழக்கம் எனக்கும் என் கணவருக்கும் இருந்தது. ஊரில் இது யாருக்கும் தெரியாது. நோய் என்று தெரிந்த நாளிலிருந்து நான் ஒரு சொட்டும் தொடவில்லை. ஆனால் அறுவை சிகிச்சைக்கு முந்தைய படிவத்தில் மது அருந்துவீர்களா என்ற கேள்வி வந்தபோது, ஊரிலிருந்து எனக்குத் துணையாக வந்திருந்த அம்மா பக்கத்திலேயே அமர்ந்திருந்ததால், இல்லை என்று எழுதிவிட்டேன். அந்தப் பொய் இன்றுவரை உறுத்துகிறது.

இரவில் தூக்கம் வராதபோது இரண்டு கேள்விகள் மாறி மாறி வருகின்றன. இந்த நோயை நானே வரவழைத்துக்கொண்டேனா? இனி எப்போதாவது ஒரு கோப்பை அருந்தினால் அது திரும்பி வந்துவிடுமா? அடுத்த மாதம் எங்கள் இருபதாவது திருமண நாள். அன்றைக்கு ஒரு கோப்பை என்றால் தவறில்லை என்கிறார் கணவர். எனக்கு ஒரு முடிவுக்கு வர இயலவில்லை. விவரம் அறிந்தவர்களும் இவ்வழியே வந்தவர்களும் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: மருந்தாளர், சென்னை

சகோதரி, புற்றுநோய்ப் பிரிவில் நீண்ட காலமாக மருந்தாளராகப் பணிபுரிகிறேன். உங்கள் முதல் கேள்விக்கு எண்களைக் கொண்டே விடை சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் குற்ற உணர்வுக்கு அளவு தெரியாது.

மது புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது. மார்பகப் புற்றுநோயும் அந்தப் பட்டியலில் பின்னர் சேர்ந்தது. மதுவிலுள்ள எத்தனால் உடலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருளாக மாறி மரபணுவைச் சேதப்படுத்துகிறது. அதோடு இரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் அளவையும் கூட்டுகிறது. உங்களுடைய கட்டி ஈஸ்ட்ரோஜனைக் கொண்டு வளரும் வகை என்பதால் இரண்டாவது காரணம் உங்களுக்குப் பொருத்தமானது. சிவப்பு ஒயின் மட்டும் நல்லது என்று சொல்வதற்கு இதில் இடமில்லை. சிவப்பாயினும் வெள்ளையாயினும், பீராயினும் விஸ்கியாயினும் உள்ளே இருப்பது அதே எத்தனால்தான்.

ஆனால் எவ்வளவு என்று பாருங்கள். 53 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2002-இல் வெளியான ஆய்வு, ஒரு நாளைக்கு 10 கிராம் மது கூடும்போது மார்பகப் புற்றுநோய்க்கான வாய்ப்பு சுமார் 7 விழுக்காடு கூடுவதாகக் கணக்கிட்டது. 7 விழுக்காடு என்றதும் நூறு பேரில் ஏழு பேர் என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள், அது தவறு. வளர்ந்த நாடுகளில் மதுவே அருந்தாத நூறு பெண்களில் ஏறத்தாழ 8.8 பேருக்கு 80 வயதுக்குள் இந்நோய் வருகிறது என்றால், நாள்தோறும் ஒரு சிறு கோப்பை (சுமார் 10 கிராம் மது) அருந்துவோரில் அது 9.4 ஆகிறது என்பதே அந்த ஆய்வின் கணக்கு. உங்கள் கோப்பை 175 மில்லி, ஒயின் 13 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொன்றிலும் சுமார் 18 கிராம் மது இருக்கும். வாரத்திற்கு மூன்று என்றால் நாளொன்றுக்கு எட்டு கிராமை ஒட்டி வருகிறது. உங்களைப் போல் அருந்திய நூறு பேரில் ஒருவருக்குக்கூட முழுமையாக எட்டாத கூடுதல் அது. நீங்கள்தான் அந்த ஒருவர் என்று யாராலும் சொல்ல இயலாது. எங்கள் பிரிவுக்கு வரும் பெண்களில் பெரும்பாலோர் வாழ்நாளில் மதுவைத் தொடாதவர்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்விக்கான சான்றுகள் ஒரே திசையில் இல்லை. வடக்கு கலிஃபோர்னியாவில் 1,897 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2010-இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு 6 கிராமும் அதற்கு மேலும் அருந்தியவர்களிடம் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுதலாகக் காணப்பட்டது. மாதவிடாய் நின்றவர்களிடமும் உடல் எடை மிகுந்தவர்களிடமும் இது தெளிவாக இருந்தது. அதே பகுதியில் 3,659 பெண்களைக் கொண்டு 2023-இல் வெளியான பிறிதோர் ஆய்வில், மொத்தத்தில் அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. ஆகவே திருமண நாளில் ஒரு கோப்பை அருந்தியதால் பழைய நோய் திரும்பும் என்று நான் எழுதினால் அது அச்சுறுத்தலாகுமே ஒழிய மருத்துவமாகாது. எனக்குக் கூடுதலாகக் கவலை தருவது மற்ற மார்பகம். ஈஸ்ட்ரோஜன் ஏற்பியுள்ள முதல் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களைப் பற்றி 2009-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வாரத்திற்கு ஏழு கோப்பையும் அதற்கு மேலும் அருந்தியவர்களுக்கு மறுபுறத்தில் புதிதாக ஒரு புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. எப்போதாவது ஒன்று என்பது நாளடைவில் பழைய வழக்கத்துக்கே திரும்பிவிடும் என்றால், அதைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

தமொக்சிஃபெனோடு மது நேரடியாக மோதுவதாக அறியப்படவில்லை. ஆனால் அந்த மருந்து சிலருக்குக் கல்லீரலில் கொழுப்பு சேரச் செய்யும். மதுவும் அதையே செய்யும். கல்லீரல் பரிசோதனை முடிவு சரியாக இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று: கீமோ நடந்துகொண்டிருக்கும் காலத்திற்கு இந்தப் பதில் பொருந்தாது. அப்போது வாய்ப்புண், வாந்தி, நீரிழப்பு, கல்லீரலின் சுமை எல்லாம் சேர்ந்துகொள்ளும். மருத்துவர் தெளிவாக அனுமதித்தாலன்றி மது வேண்டாம். மது கலந்த வாய் கொப்பளிக்கும் திரவமும் வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. உடம்பு தேறட்டும் என்று ஊரிலிருந்து வரும் அரிஷ்டங்களில், அசோகாரிஷ்டமாயினும் தசமூலாரிஷ்டமாயினும், நொதிக்கும்போது தானாகவே உண்டாகும் மது இருக்கிறது. புட்டியின் மேலேயே 5 முதல் 10 விழுக்காடு என்று அச்சிட்டிருப்பார்கள். மது மட்டுமல்லாமல், அதிலுள்ள மூலிகைகள் தமொக்சிஃபெனோடு எப்படி நடந்துகொள்ளும் என்பதும் கேள்வி. அன்போடு கொடுப்பதை மறுப்பது கடினம். ஆயினும் மருத்துவரிடம் காட்டாமல் குடிக்காதீர்கள்.

கடைசியாக, அந்தப் படிவம். மயக்க மருந்து கொடுப்பவர் அந்த விடையை நம்பித்தான் அளவை முடிவு செய்கிறார் என்பதால் அது முக்கியமான கேள்வி. நீங்கள் அருந்திய அளவு குறைவு என்பதாலும் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டதாலும் அஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் திருத்திச் சொல்லிவிடுங்கள். நம் பெண்கள் மாமியார் முன்னாலும் அம்மா முன்னாலும் உண்மையைச் சொல்ல முடியாமல் தவிப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஒரு நிமிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். அதற்கு எந்த மருத்துவரும் செவிலியரும் மறுக்க மாட்டார்கள்.

பதில் 2: கொன்றை

ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன். எனக்கு நோய் வந்து ஆறு வருடங்கள் ஆகின்றன. நான் முற்றாக நிறுத்திவிட்டேன், ஆனால் அச்சத்தினால் அல்ல. ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் லெட்ரோசோல் குளிசை தொடங்கிய பிறகு, ஒரு கோப்பை அருந்திய இரவுகளில் உடல் அனல் போல் கொதித்து, நனைந்த உடையோடு எழுந்து உட்கார்ந்திருப்பேன். அந்த மருந்து எலும்பின் அடர்த்தியைக் குறைக்கும், அதிகமாக மது அருந்தினாலும் அதே பாதிப்புத்தான் என்று மருத்துவர் சொன்னதும் விட்டுவிடுவது எளிதாயிற்று. கனடாவில் 2023-இல் வெளியான வழிகாட்டல், எல்லோருக்குமே வாரத்திற்கு இரண்டு கோப்பைக்கு மேற்பட்டால் ஆபத்து கூடத் தொடங்குகிறது என்று சொல்கிறது. உங்களுக்கும் தமொக்சிஃபெனால் உடல் அனல் இருக்குமென்றால், ஒரு மாதம் குறிப்பேட்டில் எழுதிப் பாருங்கள் தங்கச்சி. எனக்கு விடை தந்தது அந்தக் குறிப்பேடுதான்.

பதில் 3: வெண்முகில்

எனது நிலைமை வேறு. எனக்கு நோய் எலும்புக்குப் பரவி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு வரக்கூடிய புதிய கட்டியைப் பற்றிய கணக்கு என் வாழ்க்கையில் பெரிய இடம் வகிப்பதில்லை. மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்டு, மருந்துகளைச் சரிபார்த்து, ஆண்டில் மூன்று நான்கு முறை என் மகனோடு அமர்ந்து சிறிதளவு அருந்துகிறேன். உங்களுக்கு முன்னால் நீண்ட காலம் இருக்கிறது, ஆகையால் உங்கள் முடிவு என்னுடையதைப் போல் இருக்க வேண்டியதில்லை. அதை யாருக்கும் தெரியாமல் மறைத்துச் செய்யும் நிலை மட்டும் உங்களுக்கு வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பொருநைக்கரை

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நூறு பேரில் ஒருவர்கூட இல்லை என்ற வரியைக் கணவரிடம் வாசித்துக் காட்டியபோது அழுதுவிட்டேன். இன்று காலை மார்பகப் பிரிவின் செவிலியரைத் தொலைபேசியில் அழைத்து, படிவத்தில் எழுதியது உண்மையல்ல என்று சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, குறிப்பில் திருத்திக்கொண்டு, அடுத்த முறை கல்லீரல் பரிசோதனையும் சேர்த்துச் செய்யலாம் என்றார். அம்மா கொண்டுவந்த தசமூலாரிஷ்டத்தின் புட்டியையும் எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே மேலே அச்சிட்டிருக்கிறது. அதை அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டேன். திருமண நாளன்று கணவர் விரும்பினால் ஒரு கோப்பையைப் பகிர்ந்துகொள்வதாக இருக்கிறேன். வாரத்திற்கு மூன்று நாள் என்ற வழக்கத்துக்குத் திரும்புவதில்லை என்று இருவரும் பேசி முடிவு செய்துவிட்டோம்.