புதுப்பிப்பு: அப்பாவின் ஹெரால்டு, முடிவு எடுத்தாச்சு

போன மாதம் கேட்டிருந்தேன், அப்பாவின் 1969 ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரைச் சரிசெய்யலாமா, விற்றுவிடலாமா என்று. பாதிப் பேர் விற்கச் சொன்னீர்கள். விற்கவில்லை.

டிரைவர் பக்கம் கால்மிதியை விலக்கி ஸ்க்ரூடிரைவரால் லேசாகக் குத்தினால், தகரம் அப்பளம் மாதிரி நொறுங்கிக் கீழே தரை தெரிந்தது. வீடு திருவான்மியூர், உப்புக்காற்று, வேறென்ன. நல்லவேளையாக ஹெரால்டில் சேசிஸ் (அடிச்சட்டம்) தனி, பாடி அதன்மேல் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும், அதனால் தரைத் தகரத்தை வெட்டி மாற்றினாலும் வண்டியின் முதுகெலும்புக்கு ஒன்றும் ஆகாது.

எங்கே கொடுப்பது? பளபளப்பான ஒரு இடத்தில் அடியைக் குனிந்துகூடப் பார்க்காமல் என்ன கலர் வேண்டும் என்றார்கள். கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன். கடைசியில் அம்பத்தூரில் ஒரு டிங்கரிங் அண்ணன். பானெட்டை அப்படியே முன்னால் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "தம்பி, பெயிண்ட் பேச்சே இப்ப வேணாம், முதல்ல தகரம்" என்றார். அவருக்கே கொடுத்துவிட்டேன், வேலை முடிய முடியப் பணம்.

அப்புறம், வின்டேஜ் பதிவு (பழைய வண்டிகளுக்கான தனிப் பதிவு) பற்றிக் கேட்டவர்களுக்கு: 2021 விதிப்படி 50 வயது தாண்டிய வண்டிக்கு அது கிடைக்கும், ஆனால் தினசரி ஓட்ட முடியாது. அதனால் பழைய நம்பரிலேயே ஆர்சியைப் புதுப்பிக்கிறேன். கதவுக் கைப்பிடி ஒன்று பாக்கி, சனிக்கிழமை புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைகளில் தேடணும்.