கைக்குழந்தைக்கும் டிப்ஸா? கப்பல் டூர் கிளம்புகிறவர்கள் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்

திருப்பூர் பனியன்காரன்:
போன வாரம் ஈரோட்டு மஞ்சள் அண்ணன் இங்கே ஒரு பதிவு போட்டிருந்தார். "குடும்பத்தோடு கப்பல் டூர் போங்க. டிக்கெட் எடுத்தாச்சுன்னா அப்புறம் பத்துப் பைசா செலவில்லை. கைக்குழந்தைக்குச் சுத்தமா ஒண்ணுமே கிடையாது." அதற்கு எத்தனை கைதட்டல்! நம்பிப் போன ஆள் நான். இன்னொருத்தர் நம்பக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

இந்த லீவுக்கு அப்பா அம்மா, நாங்கள், தம்பி குடும்பம் என்று எல்லோரும் சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டு வந்தோம். கோயமுத்தூரிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது, அதுவரை ஒரு சிக்கலும் இல்லை. கடைசி ராத்திரி கேபின் கதவுக்கடியில் பில்லைச் செருகிவிட்டுப் போனார்கள். தலைக்கு, ராத்திரிக்கு இவ்வளவு டாலர் என்று சர்வீஸ் சார்ஜ், அதாவது டிப்ஸ். பெரியவர்களுக்குப் போடட்டும், சரி. தம்பி மகளுக்கு இன்னும் இரண்டு வயது முடியவில்லை. அவள் பேரிலும் அதே தொகை! அந்தக் குழந்தை கப்பல் சோற்றைத் தொடவே இல்லை. வீட்டிலிருந்து கொண்டுபோன சத்துமாவுதான் குடித்தது.

கப்பல் பேரைச் சொல்ல மாட்டேன், வக்கீல் நோட்டீஸ் வாங்க நேரமில்லை. அண்ணன் பதில் சொல்லட்டும். கைக்குழந்தைக்கு டிப்ஸ் உண்டா, இல்லையா?

ஈரோட்டு மஞ்சள்:
இல்லை.

ஈரோட்டு மஞ்சள்:
ஒரு வார்த்தையில் சொன்னால் தம்பிக்கு விளங்காது, விரித்தே சொல்கிறேன். நானும் சிங்கப்பூரில்தான் ஏறினேன். கூட என் மகள், மாப்பிள்ளை, பேரன். பேரனுக்கு டிப்ஸ் ஒரு டாலர்கூடப் போடவில்லை. பில் இன்னும் பீரோவில் இருக்கிறது. ரூம், மூணு வேளைச் சோறு, ராத்திரி ஷோ, நீச்சல் குளம் எல்லாம் டிக்கெட்டுக்குள்ளேயே. அதற்குமேல் பில் வந்தால் குற்றம் கப்பல் மேல் இல்லை, ஏறின ஆள் மேல். பாரில் உட்கார்ந்து கோப்பை கோப்பையாக உள்ளே தள்ளிவிட்டுக் குழந்தை பேரைச் சொல்லக்கூடாது.

திருப்பூர் பனியன்காரன்:
நான் குடிக்கிறவன் இல்லை என்று திருப்பூருக்கே தெரியும். கேட்டது குழந்தைக்கு டிப்ஸ் உண்டா என்று. பாரைப் பற்றி யார் கேட்டார்கள்?

நாமக்கல் கோழி:
கல்யாண வீட்டில் தொட்டில் குழந்தை பேரிலும் மொய் வாங்குகிற மாதிரி இருக்கிறதே! கப்பல்காரன் நம்ம ஊர் ஆளாக இருப்பானோ?

கோபி வாத்தியார்:
நண்பர்களே, இது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ராயல் கரீபியனில் வயது பார்ப்பதில்லை, கைக்குழந்தைக்கும் போடுவார்கள். நார்வீஜியனில் மூன்று வயதுக்குக் கீழே என்றால் கிடையாது. அந்தப் பணம் ரூம் சுத்தம் செய்கிறவர், பரிமாறுகிறவர் என்று பலருக்கும் பிரிகிறது. இருவரும் எந்தக் கப்பலில் போனீர்கள் என்று சொல்லிவிட்டால் விவாதம் இத்தோடு முடிந்தது.

ஈரோட்டு மஞ்சள்:
வாத்தியாரய்யா, பொஸ்தகத்தைப் பார்த்துச் சொல்லாதீர்கள். ஏறினவன் நான். கைக்குழந்தைக்கு டிப்ஸ் கிடையாது.

திருப்பூர் பனியன்காரன்:
நானும் ஏறினவன்தான். கைக்குழந்தைக்கு டிப்ஸ் உண்டு. பில்லைப் போட்டோ எடுத்துப் போடட்டுமா?

ஈரோட்டு மஞ்சள்:
போடுங்கள். அதில் பாதி போன் பில்லாக இருக்கும். கப்பல் துறைமுகத்தை விட்டு நகர்ந்ததும் போன் தானாகவே கப்பலின் சேட்டிலைட் நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். ஏரோப்ளேன் மோடில் போடாமல் பங்காளிகளுக்கெல்லாம் வீடியோ கால் போட்டால் ரோமிங் தீட்டிவிடும். அதையும் டிப்ஸ் என்று எழுதி வைத்திருப்பீர்கள்.

பொள்ளாச்சி அம்மிணி:
மஞ்சள் அண்ணனுக்கு ஒரு சந்தேகம் கேட்கிறேன். டிக்கெட்டை ஏஜென்ட் மூலமாகத்தானே போட்டீர்கள்? நிறைய ஏஜென்ட்டுகள் சர்வீஸ் சார்ஜையும் துறைமுக வரியையும் முன்கூட்டியே சேர்த்து வாங்கிவிடுவார்கள். அப்படி வாங்கியிருந்தால் கப்பல் பில்லில் எப்படி வரும்? செலவில்லை என்கிறீர்களே, செலவு முன்னாடியே உங்கள் பையை விட்டுப் போயிருக்கும்.

ஈரோட்டு மஞ்சள்:
என் பையை விட்டு எது போனாலும் எனக்குத் தெரியும் அம்மிணி. மஞ்சள் மண்டியில் முப்பது வருசம் தராசு பிடித்த கை இது. ஏஜென்ட் என்னை ஏமாற்ற முடியாது. கைக்குழந்தைக்கு டிப்ஸ் கிடையாது. டிக்கெட்டுக்கு அப்புறம் பத்துப் பைசா செலவில்லை.

பொள்ளாச்சி அம்மிணி:
பேரன் பேரில் துறைமுக வரி எவ்வளவு கட்டினீர்கள்? அதையாவது சொல்லுங்கள்.

ஈரோட்டு மஞ்சள்:
வரி வேறு, டிப்ஸ் வேறு.

திருப்பூர் பனியன்காரன்:
பத்துப் பைசா செலவில்லை என்றவர் இப்போது வரி வேறு, டிப்ஸ் வேறு என்கிறார். எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சேரன் எக்ஸ்பிரஸ்:
எதற்குச் சிங்கப்பூர் வரைக்கும் போய் இந்தப் பஞ்சாயத்து? கோயமுத்தூரில் ராத்திரி சேரனில் ஏறினால் காலையில் சென்னை. அங்கேயே கார்டிலியா கப்பல் கிளம்புகிறதே. 2023 ஜூனில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கே போக ஆரம்பித்தது. டாலர் தொல்லை இல்லை, தமிழ் பேசுகிற ஆட்களும் இருப்பார்கள்.

ஈரோட்டு மஞ்சள்:
அந்தக் கப்பலைக் கட்டியது 1990இல். நார்டிக் எம்ப்ரஸ் என்று பேர். ராயல் கரீபியன் ஓட்டிவிட்டுக் கைமாற்றின கப்பல். 2022இல் சென்னையிலிருந்து கிளம்பின முதல் பயணத்திலேயே புதுச்சேரியில் இறக்க அனுமதி கிடைக்கவில்லை. அதுவும் வருசம் முழுக்கச் சென்னையில் நிற்காது, சில மாதம்தான். நான் விசாரிக்காமல் பேசுகிறவன் இல்லை.

சேரன் எக்ஸ்பிரஸ்:
1990 என்றால் பழசா? நீங்கள் அதற்கும் முன்னாடி கட்டினவர்தானே, இன்னும் ஓடவில்லையா?

நாமக்கல் கோழி:
இன்றைக்குச் சோறு இறங்காது எனக்கு.

ஈரோட்டு மஞ்சள்:
கோயமுத்தூர்க்காரர்களுக்குப் பெரியவர்களை மட்டுத்தட்டத்தான் தெரியும். ஈரோடு பஸ் ஸ்டாண்டைப் பற்றி நீங்கள் எழுதினதை நான் இன்னும் மறக்கவில்லை.

கோபி வாத்தியார்:
கப்பல் பேர்?

பொள்ளாச்சி அம்மிணி:
புதிதாகக் கிளம்புகிறவர்களுக்காக நான் நாலு விஷயம் சொல்லிவிடுகிறேன், இவர்கள் சண்டை இப்போதைக்கு ஓயாது. சிங்கப்பூரில் ஏறி அங்கேயே இறங்குவதென்றால் விசா பலமுறை நுழைகிற விசாவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கப்பலேறினால் அந்த நாட்டை விட்டுப் போன கணக்கு, திரும்ப இறங்கும்போது புதிதாக நுழைகிற கணக்கு. மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் நம்மை விசா இல்லாமல் விடுகிறது. ஆறு மாதம் ஆகாத குழந்தையைப் பெரும்பாலான கப்பல்களில் ஏற்ற மாட்டார்கள். பயணம் முடிவதற்குள் 24 வாரம் ஆகிவிடும் என்றால் கர்ப்பிணிகளையும் ஏற்ற மாட்டார்கள். நங்கையைக் கூட்டிக்கொண்டு போக ஆசைப்பட்டு, டிக்கெட் போட்டபிறகு இதைத் தெரிந்துகொண்டு நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

வயசானவர்கள் வந்தால் கீழ்த்தளத்தில் கப்பலின் நடுவில் கேபின் கேளுங்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, புக்கெட் பக்கம் கடல் சும்மா இருக்காது. வாந்தி மாத்திரையை டாக்டரிடம் கேட்டு முன்கூட்டியே போட்டுக்கொள்ள வேண்டும், குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டுப் பிரயோசனம் இல்லை.

ஈரோட்டு மஞ்சள்:
கப்பல் ஆடவே ஆடாது. மேசையில் வைத்த டம்ளரில் தண்ணி அசையவில்லை. ஆழியாரில் ஏறி வால்பாறை போகிறதுக்குள் 40 கொண்டை ஊசி வளைவிலும் ஜன்னலில் தலையைத் தொங்கப்போடுகிற குடும்பங்கள் கடலைக் குறை சொல்லக்கூடாது.

பொள்ளாச்சி அம்மிணி:
எங்கள் குடும்பத்தைச் சொல்கிறீர்களா?

ஈரோட்டு மஞ்சள்:
பொதுவாகச் சொன்னேன். அப்புறம் சாப்பாட்டைப் பற்றி இங்கே ஒருத்தரும் பேசவில்லை. கப்பலில் இந்தியச் சாப்பாடு என்று வடக்கத்திப் பனீர்தான் போடுவார்கள். என் சம்சாரத்துக்கு அது ஒத்துக்கொள்ளாது. நாங்கள் ரூமிலேயே அரிசிம்பருப்பு ஆக்கிச் சாப்பிட்டோம், ஊத்துக்குளி வெண்ணெய் உருக்கின நெய்யோடு. விவரம் தெரிந்தவன் அப்படித்தான் போவான்.

பொள்ளாச்சி அம்மிணி:
ரூமில் எதை வைத்து ஆக்கினீர்கள்?

ஈரோட்டு மஞ்சள்:
குக்கர்தான்.

பொள்ளாச்சி அம்மிணி:
கப்பலில் நெருப்புக்குத்தான் முதல் பயம். சூடாகிற கம்பி உள்ள சாமான் எதையும் விட மாட்டார்கள். இஸ்திரிப் பெட்டியைக்கூட ஏறும்போதே வாங்கி வைத்துக்கொண்டு இறங்குகிற நாளில்தான் தருவார்கள். எங்கள் மாமியாரின் கெட்டிலுக்கே அந்தக் கதிதான். குக்கர் எப்படி உள்ளே போனது?

நாமக்கல் கோழி:
விசில் சத்தம் கேட்டு கேப்டன் ஓடி வரவில்லையா?

ஈரோட்டு மஞ்சள்:
நான் விசில் வருகிற குக்கர் என்று சொல்லவே இல்லை.

திருப்பூர் பனியன்காரன்:
ஆக, குக்கர் பொய். அப்படியென்றால் டிப்ஸும் பொய்.

ஈரோட்டு மஞ்சள்:
எது பொய்? பேரனுக்கு டிப்ஸ் போடவில்லை என்பது பொய்யா? தம்பி, உங்கள் அப்பாவோடு நான் பெருந்துறை சந்தையில் டீ குடித்தவன். பெரியவர்களிடம் பேசுகிற முறை இதுவா? சரி, கேளுங்கள். அப்படியே டிப்ஸ் போட்டிருந்தாலும் கீழே கவுன்டரில் போய் எடுக்கச் சொன்னால் பல கப்பல்களில் எடுத்துவிடுவார்கள். அங்கே போய்க் கேட்க வாய் இல்லை, இங்கே வந்து எழுத மட்டும் கை நீள்கிறது.

திருப்பூர் பனியன்காரன்:
"அப்படியே போட்டிருந்தாலும்" என்றால் என்ன அர்த்தம்? போட்டார்களா, இல்லையா?

ஈரோட்டு மஞ்சள்:
போடவில்லை.

பொள்ளாச்சி அம்மிணி:
கவுன்டரில் போய் எடுக்கச் சொன்னீர்களா அண்ணா? ராத்திரி பகலாக ரூம் பெருக்குகிற பையன் வாயில் மண்ணைப் போட்டுவிட்டா இங்கே பெருமை பேசுகிறீர்கள்?

ஈரோட்டு மஞ்சள்:
அந்தப் பையனுக்கு நான் கையிலேயே கொடுத்தேன். எவ்வளவு என்று இங்கே எழுத மாட்டேன். கொடுத்ததைச் சொல்லிக் காட்டுகிற வளர்ப்பு இல்லை எங்களுடையது.

சேரன் எக்ஸ்பிரஸ்:
பத்துப் பைசா செலவில்லை என்றாரே, கையில் கொடுத்தது எந்தக் கணக்கு?

ஈரோட்டு மஞ்சள்:
அது தர்மக் கணக்கு. கோயமுத்தூருக்கு அது புரியாது.

கோபி வாத்தியார்:
நான் இன்னொருமுறை கேட்கிறேன். கப்பலின் பெயர் என்ன?

நாமக்கல் கோழி:
வாத்தியாரே, விடுங்கள். நான் ஒன்று கேட்கிறேன். பினாங்கில் இறங்கினால் என்ன பார்ப்பது? எங்கள் அம்மாயிக்கு முருகன் கோயில் வேண்டுமாம்.

ஈரோட்டு மஞ்சள்:
தண்ணீர்மலை இருக்கிறது. 500க்கு மேல் படி. நான் ஒரே மூச்சில் ஏறினேன். கப்பல்காரன் விற்கிற டூரை வாங்காதீர்கள். துறைமுகம் ஜார்ஜ் டவுனை ஒட்டியே இருக்கிறது, வெளியே வந்து டாக்ஸி பிடித்தால் போதும்.

பொள்ளாச்சி அம்மிணி:
பாதியைச் சொல்லிவிட்டு மீதியை முழுங்காதீர்கள். கப்பல்காரன் டூரில் போய் லேட்டானால் கப்பல் காத்திருக்கும். சொந்தமாக டாக்ஸியில் போய் லேட்டானால் காத்திருக்காது. அம்மாயியை 500 படி ஏற்றி இறக்குகிறதுக்குள் கப்பல் சங்கு ஊதிவிட்டால் யார் பதில் சொல்வது? ஜார்ஜ் டவுனே 2008 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிற ஊர். லிட்டில் இந்தியா, பழைய தெருக்கள் எல்லாம் நடக்கிற தூரம்தான். அம்மாயிக்கு அது போதும்.

ஈரோட்டு மஞ்சள்:
சென்னிமலையை நடந்தே ஏறுகிற அம்மாயிகளுக்குத் தண்ணீர்மலை எம்மாத்திரம்?

நாமக்கல் கோழி:
எங்கள் அம்மாயி சென்னிமலைக்கு பஸ்ஸில்தான் போகும். செப்டம்பர் கடைசியில் போகலாம் என்றிருக்கிறோம்.

சேரன் எக்ஸ்பிரஸ்:
புரட்டாசியிலா? கப்பலில் அத்தனை கறியையும் மீனையும் கண்ணெதிரே பரப்பி வைத்திருப்பான். காசு கட்டிவிட்டுத் தயிர்சோறு சாப்பிடவா போகிறீர்கள்?

ஈரோட்டு மஞ்சள்:
விரதம் இருக்கிறவனுக்கு எங்கே இருந்தாலும் விரதம்தான். நான் புரட்டாசியில்தான் போனேன்.

பொள்ளாச்சி அம்மிணி:
புரட்டாசி என்றால் புக்கெட் பக்கம் பருவக்காற்று இன்னும் அடங்கியிருக்காது. டம்ளரில் தண்ணி அசையவில்லை என்றீர்களே?

ஈரோட்டு மஞ்சள்:
அசையவில்லை.

திருப்பூர் பனியன்காரன்:
பில் போட்டோவைப் போட்டுவிட்டேன், மேலே பாருங்கள். நான்காவது வரி. குழந்தை பேர் இருக்கிற இடத்தை மட்டும் மறைத்திருக்கிறேன். நீங்கள் பீரோவைத் திறக்கிறீர்களா?

ஈரோட்டு மஞ்சள்:
பேரை மறைத்துவிட்டால் அது குழந்தை என்று நான் எப்படி நம்புவது? உங்கள் அப்பா பேராகக்கூட இருக்கலாம். பீரோ சாவி மகளிடம் இருக்கிறது. அவள் ஆயுத பூசைக்கு வருவாள், வந்ததும் போடுகிறேன். அதுவரை ஒரு ஆள் இங்கே கைக்குழந்தைக்கு டிப்ஸ் உண்டு என்று எழுதக்கூடாது.

திருப்பூர் பனியன்காரன்:
உண்டு.

சேரன் எக்ஸ்பிரஸ்:
பீரோ சாவியே கையில் இல்லாதவரா பை கணக்கு பேசினார்?

ஈரோட்டு மஞ்சள்:
சேரன், உங்களுக்கு முதலில் பதில் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களுக்கு. ஈரோடு பஸ் ஸ்டாண்டைப் பற்றி நீங்கள் எழுதின பதிவைத் தோண்டி எடுத்துக்கொண்டிருக்கிறேன். இருங்கள், வருகிறேன்.